"சேர், அந்த டீமுக்கு வயசு லிமிட் இருக்குங்களா?"



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசிக்க நேரமிருப்பவர்கள் வாசியுங்கள். நம்ம ஊர் விஷயம்.

போன வாரம் ஹட்டன் டன்பார் மைதானத்தில் ஒரு மெச் முடிந்து, வழமைபோல ஹோட்டலில் பிளேன்டீயுடன் உட்கார்ந்தோம். நாங்கள் ஆசிரியர்கள் மூன்று பேர். கூடவே பஸாரில் கடை வைத்திருக்கும் நானா ஒருவர், ஒரு காலத்தில் தோட்டத்து டீமுக்கு கோல் காத்த அண்ணன் ஒருவர், அன்றைய மெச்சுக்கு விசில் ஊதிய சிங்களச் சகோதரர் ஒருவர். பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு ஓர் இடத்தில் வந்து நின்றது. மலையகத்துக்கு ஒரு தொழில்முறை உதைபந்தாட்ட அணி வேண்டும்.

"கிரிக்கெட்டுக்கு கண்டி டீம் இருக்கு. 2023 இல எல்.பி.எல். கப்பே கண்டிக்குத்தானே வந்தது. புட்போலுக்கு நமக்கு என்ன இருக்கு?" என்று கேட்டார் நானா.

டீ ஆறுவதற்குள் ஜேர்ஸியின் நிறம் முடிவாகிவிட்டது. கொழுந்துப் பச்சை. சின்னத்தில்தான் இழுபறி. சிவனொளிபாதமலையைப் போடலாம் என்றார் அண்ணன். ஸ்ரீபாதவைப் போடலாம் என்றார் விசில் ஊதியவர். பாவா ஆதம் மலைதான் சரி என்றார் நானா. மூன்று பேரும் சொன்னது ஒரே மலையை என்பதால் அதுவும் முடிந்தது. யாரிடம் அனுசரணை கேட்பது, வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் எவ்வளவு தருவார்கள் என்று கணக்கும் ஓடியது. எங்களில் ஒருவர் உற்சாகத்தில் அதை ஒரு வொய்ஸ் மெசேஜாக குரூப்பில் போட்டுவிட்டார். இஷா தொழுது முடித்து வருவதற்குள் பேச்சு செய்தியாகிவிட்டது. "மலையகத்துக்கு டீம் வருதாம்!"

விடிந்ததும் எங்களுக்குக் கொழும்பிலிருந்து ஒரு வொய்ஸ் வந்தது. பத்து விநாடிகூட இல்லை.

"சேர், நம்ம பக்கம் டீம் வருதாமே. அந்த டீமுக்கு வயசு லிமிட் இருக்குங்களா?"

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தக் குரல்தான்.

அவன் எங்கள் மாணவன். தோட்டத்தின் மேல் டிவிஷன். அம்மா கொழுந்து எடுக்கிறார். இடது கால் ஆட்டக்காரன். மேல் டிவிஷனில் பிள்ளைகள் விளையாடும் இடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் லயம், மறுபக்கம் பள்ளம். பந்தைப் பலமாக அடித்தால் அது தேயிலைக்குள் உருண்டு போகும். தேடி எடுத்து வருவதற்குள் இருட்டிவிடும். யார் அடித்தானோ அவன்தான் போய் எடுக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் அந்தப் பிள்ளைகள் பந்தைத் தூக்கி அடிப்பதில்லை. காலடியிலேயே வைத்து, சின்னச் சின்ன பாஸாகத்தான் ஆடுவார்கள். அவன் பந்தைக் காலில் வைத்திருந்தால் பறிப்பது கஷ்டம். எந்தப் பயிற்றுவிப்பாளரும் சொல்லிக் கொடுத்ததல்ல. பள்ளம் சொல்லிக் கொடுத்தது.

எங்கள் பாடசாலை டீமில் பதினொரு பேருக்கு ஏழு சோடி பூட்ஸ். மாற்று ஆட்டக்காரன் உள்ளே போவதென்றால் வெளியே வருபவன் கோட்டில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுவான். மத்தியஸ்தர் பொறுமையாக நிற்பார். இவன் பெரும்பாலும் வெறுங்காலில்தான் ஆடினான். பூட்ஸ் போட்டால் பந்து தெரியவில்லை சேர் என்பான்.

தரம் பத்தில் இருக்கும்போது கண்டியில் ஒரு வயதுப் பிரிவுத் தெரிவு நடந்தது. போகச் சொல்லித் தகவல் வந்தது. அன்று சனிக்கிழமை. எங்கள் பாடசாலையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விசேட வகுப்பு. நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "பந்து சோறு போடாது. முதலில் கணிதத்தில் சித்தியடையப் பார்." அவனுடைய அம்மாவை அழைத்தும் அதையே சொன்னோம். பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, கூடப் போக ஆள் என்று நூறு கணக்குப் போட்டுக் கொண்டிருந்த அந்தத் தாய்க்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கும். சேர்மார் சொன்னால் சரிதானே.

அவன் தெரிவுக்குப் போகவில்லை. கணிதத்திலும் சித்தியடையவில்லை. இப்போது 22 வயது. புறக்கோட்டையில் ஒரு கடையில் சாமான் ஏற்றி இறக்குகிறான். ஒரு டீம் வரப்போகிறது என்று காற்றில் வந்த பேச்சைக் கேட்டு, முதலில் எங்களைத்தான் கேட்கிறான்.

பதில் அனுப்ப எங்களுக்கு மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளில் எங்களுக்குள் பேசியதையும் தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, மலையகத்தின் பெயரில் ஓர் அணி ஏற்கனவே இருக்கிறது.

நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ். ஜயதிலக்க மைதானத்தில் வளர்ந்த கழகம். 2021 ஏப்ரலில் இலங்கையின் முதல் தொழில்முறை லீக் என்று சுப்பர் லீக் தொடங்கியபோது, அதில் இடம்பிடித்த பத்து அணிகளில் அதுவும் ஒன்று. கொழும்பு எப்.சி., ரினோன், ரட்ணம், பேருவளை ரெட் ஸ்டார்ஸ், களுத்துறை புளூ ஸ்டார், வென்னப்புவை நியூ யங்ஸ், முப்படை அணிகள் என்று இருந்த வரிசையில் மலைநாட்டிலிருந்து நாவலப்பிட்டிக்காரர்கள் நின்றார்கள்.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக இறங்கினால் நாவலப்பிட்டி. பெருநாளுக்கு உடுப்பு எடுக்க கண்டிக்குப் போகும்போதெல்லாம் தாண்டிப் போகிறோம். நம்மில் எத்தனை பேர் அந்த அணியின் ஒரு மெச்சைப் பார்த்திருக்கிறோம்? நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கொண்டோம். ஒருவரும் இல்லை. நம் லயங்களில் மெஸ்ஸியின் 10 ஆம் இலக்க ஜேர்ஸி காய்கிறது. உலகக் கிண்ணம் வந்தால் ஆர்ஜென்டினாவின் கொடியும் பிரேஸிலின் கொடியும் ஆட்டோக்களில் பறக்கின்றன. மலைநாட்டின் பெயரைத் தாங்கிய அணியின் ஜேர்ஸி என்ன நிறம் என்று கேட்டால் நமக்குத் தெரியாது. புதிதாக ஒரு டீமைக் கேட்கும் முன் இதற்கு நாம் வெட்கப்பட வேண்டும். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இரண்டாவது, தொழில்முறை என்ற சொல்.

நமக்கு அது ஜேர்ஸியும் சின்னமும் பெரிய அனுசரணையாளரும் தான். உண்மையில் அது மாதச் சம்பளம். மழை பெய்தாலும் மெச் இல்லாவிட்டாலும் இருபது இருபத்தைந்து வீரர்களுக்குச் சம்பளம், மருத்துவம், தங்குமிடம், பயணம். ஆசிய உதைபந்தாட்ட கூட்டமைப்பு கழகங்களுக்கு உரிமம் வழங்கும்போது விளையாட்டு, மைதான வசதி, ஆளணி, சட்டம், நிதி என்று ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது. அதில் விளையாட்டு என்ற தலைப்பின் கீழ் முக்கியமாகக் கேட்பது, உங்களிடம் சிறுவர் அணிகள் இருக்கின்றனவா என்று.

சுப்பர் லீக்குக்கு என்ன நடந்தது? தொடங்கிய அடுத்த மாதமே கொவிட் அலை. இடையில் நின்று, மீண்டும் ஆடி, புளூ ஸ்டார் சம்பியன் ஆனது. 2022 இல் நாடே பெட்ரோல் வரிசையில் நின்றது. 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தை ஃபிஃபா தடை செய்தது. ஓகஸ்ட்டில்தான் தடை நீங்கியது. 2024 செப்டம்பரில் நம் தேசிய அணி ஆசியக் கிண்ணத் தகுதிகாணில் கம்போடியாவை அதன் மண்ணிலேயே பெனால்டியில் வென்றபோது எவ்வளவு சந்தோஷப்பட்டோம். வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை இரத்தங்களைத் தேடி அழைத்து வந்து கட்டிய அணி அது. நல்ல விஷயம். அவர்களைத் தேடி அவுஸ்திரேலியா வரைக்கும், ஐரோப்பா வரைக்கும் போக முடிந்தது. மேல் டிவிஷனுக்கு ஏற இன்னும் ஒருவரும் வரவில்லை. வரும்படி கூப்பிட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். கூப்பிடவில்லை.

மூன்றாவது, இரண்டு ஊர்களின் கதை. எங்கள் வாதம் இதில்தான் நிற்கிறது.

ஒன்று கோயம்புத்தூர். சென்னை சிட்டி எப்.சி. என்று ஓர் அணி. பெயரில் சென்னை, ஆடியது கோவை நேரு மைதானத்தில். 2018-19 இல் இந்தியாவின் ஐ-லீக் சம்பியன். சுவிற்சர்லாந்தின் பாசல் கழகம் அதில் 26 வீதப் பங்கு வாங்கியது. தமிழ்ப் பிரதேசத்துக்குப் பெரிய டீம் வந்துவிட்டது என்று எல்லோரும் கொண்டாடினார்கள். 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த அணி லீக்கில் இல்லை. சம்பியன் ஆகி இரண்டே வருடம். ஐ.எஸ்.எல்.லிலும் அப்படித்தான். டெல்லி டைனமோஸ் 2019 இல் ஒடிஷாவுக்குப் போனது. அதே வருடம் புனே அணியின் இடத்தில் ஹைதராபாத் வந்தது. மேலிருந்து இறக்கிய அணியை மேலிருப்பவர் நினைத்தால் தூக்கிக்கொண்டும் போகலாம்.

மற்றது ஐஸ்வால். இந்தியாவின் வடகிழக்கு மூலையில் மிசோரம் மாநிலத்தின் தலைநகர். படங்களைப் பாருங்கள். நம்ம ஊர் மாதிரியே செங்குத்தான மலை, ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நிற்கும் வீடுகள். தட்டையான நிலம் அங்கும் பஞ்சம்தான். ஐஸ்வால் எப்.சி. 1984 இல் தொடங்கிய கழகம். 2012 இல் அந்த மாநிலத்தில் மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கியது. உள்ளூர்ப் பிள்ளைகள் உள்ளூர் மைதானங்களில், உள்ளூர் சனத்தின் முன்னால் ஆடினார்கள். 2015-16 இல் ஐஸ்வால் ஐ-லீக்கில் கீழே இறங்கும் நிலைக்குப் போய், பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டது. அடுத்த பருவத்திலேயே, 2017 ஏப்ரல் 30 அன்று, இன்னொரு மலைநகரமான ஷில்லோங்கில் சமநிலை எடுத்து இந்தியாவின் சம்பியன் ஆனது. பயிற்றுவிப்பாளர் காலித் ஜமீல். பணத்தால் பெரிய கொல்கத்தா அணிகளுக்குப் பக்கத்தில்கூட நிற்க முடியாத கழகம் அது.

கோவைக்குக் கிண்ணம் வந்தது, அணி நிலைக்கவில்லை. ஐஸ்வாலில் அணிக்கு முன்னாலேயே ஆட்டம் இருந்தது.

நம் பள்ளிவாசல் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 இல் மொரோக்கோ அரையிறுதிக்கு வந்தபோது ஸஜ்தா செய்த வீரர்களின் படத்தை நாம் எல்லோரும் பகிர்ந்தோம். அந்த அணியில் அந்-நெசிரி, அகுவெர்த், ஔனாஹி ஆகியோர் ரபாத்துக்குப் பக்கத்திலுள்ள ஓர் உதைபந்தாட்ட அகடமியில் சிறுவர்களாக வளர்ந்தவர்கள். அந்த அகடமி உலகக் கிண்ணத்துக்குப் பத்து வருடத்துக்கு மேல் முன்னாலேயே கட்டப்பட்டது. படத்தைப் பகிர்ந்த நாம் அந்தப் பத்து வருடத்தைப் பற்றி ஒரு வரியும் பகிரவில்லை.

நான்காவது, மைதானம். இது கொஞ்சம் கசப்பான விஷயம்.

மலையகத்தில் நல்ல மைதானமே இல்லை என்று சொல்வோம். அது முழு உண்மையல்ல. நுவரெலியாவில் கோல்ப் மைதானம் 1889 இலிருந்து இருக்கிறது. குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. ரதல்லவிலும் தரவளையிலும் துரைமாரின் கிளப் மைதானங்கள் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கின்றன. மலையை வெட்டித் தட்டையாக்கி, புல் வளர்த்து, கிரிக்கெட்டும் றக்பியும் ஆடினார்கள். அந்த மண்ணை வெட்டிய கைகளின் பிள்ளைகளுக்கு பிரட்டுக்களம்தான் மைதானம். இன்றைக்கும் ஒரு தோட்டத்தில் மைதானத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டுமென்றால் நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, அனுமதி எங்கே வாங்குவது என்று தெரியாமல் கடிதங்கள் அலையும்.

அதற்காகப் புதிதாக ஒரு ஸ்டேடியம் கேட்கலாமா? எங்கள் கணித ஆசிரியர் கணக்குப் போட்டார். சர்வதேச அளவில் ஒரு உதைபந்தாட்டத் திடல் 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம். அதாவது சுமார் 282 பேர்ச்சஸ். தோட்டத்துக் குடும்பத்துக்கு வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் என்று பேசினார்களே, அந்தக் கணக்கில் 40 குடும்பத்துக்கான காணி. அதுவும் கோட்டுக்கு உள்ளே மட்டும். கலரியும் வாகனம் நிறுத்தும் இடமும் தனி. இருநூறு வருடமாக லயத்தில் இருக்கும் சனத்திடம் போய், உங்கள் நாற்பது வீட்டுக்கான தட்டையான நிலத்தை ஒரு டீமுக்குத் தாருங்கள் என்று கேட்க எங்களுக்கு வாய் வராது. நீங்களும் கேட்காதீர்கள்.

இருப்பதைச் சரிசெய்வோம். டன்பார் இருக்கிறது. நோர்வூட் மைதானம் இருக்கிறது. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் வந்த அன்று அந்த மைதானம் எப்படி நிரம்பியது என்று நமக்குத் தெரியும். தலவாக்கலையில் இருக்கிறது. மழைத்தண்ணீர் வடிய ஒழுங்கான கான், இரண்டு பக்கமும் நிற்கக்கூடிய கோல் கம்பம், பிள்ளைகள் உடுப்பு மாற்ற ஒரு அறை, ஒரு மலசலகூடம். மே தொடக்கம் செப்டம்பர் வரை நம் பக்கம் பெய்யும் மழைக்கு கான் இல்லாத மைதானம் வயல்தான்.

அந்த அறையையும் மலசலகூடத்தையும் நாங்கள் வேண்டுமென்றே எழுதினோம். எங்கள் பாடசாலையில் பெண் பிள்ளைகளும் பந்து கேட்கிறார்கள். "எங்களுக்கு மட்டும் ஏன் எல்லே?" என்று ஒருத்தி நேராகவே கேட்டாள். பெற்றோர் தயங்குவது, முஸ்லிம் வீடாக இருந்தாலும் இந்து வீடாக இருந்தாலும், பெரும்பாலும் பந்துக்காக அல்ல. உடுப்பு மாற்ற மறைவிடம் இல்லை, இருட்டுவதற்குள் வீடு வர பஸ் இல்லை. அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. முதலில் அதைத் தீர்ப்போம். மிச்சத்தை அந்தந்த வீடு முடிவு செய்யட்டும்.

அப்படியானால் டீம் வேண்டாமா? வேண்டும். நிச்சயமாக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஏறிப் போக ஒரு படி மேலே தெரிய வேண்டும். தூரத்தில் ஒரு சம்பளம், ஒரு ஜேர்ஸி தெரிந்தால்தான் சனிக்கிழமை பயிற்சிக்கு அனுப்பும் தாய்க்கும் ஒரு காரணம் இருக்கும். 2018 இல் வடக்கு கிழக்கில் ஊர் ஊராக அணிகள் வைத்து ஒரு பிரீமியர் லீக் நடத்தினார்கள். அதைப் பார்த்து நாமும் ஏங்கினோம். அந்த ஏக்கம் தப்பில்லை. படியை மேலிருந்து கட்ட முடியாது என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது.

எங்கள் யோசனை இதுதான். பெரிய திட்டமொன்றும் இல்லை.

ஒன்று, இந்த வருடம் டீமுக்குப் பெயர் வைப்பதை நிறுத்துவோம். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, கொட்டகலை, தலவாக்கலைப் பக்கப் பாடசாலைகளுக்கு இடையே 14 வயதுக்குட்பட்ட ஒரு சின்ன லீக். சனிக்கிழமைகளில், காலையில். சேகரிக்கும் காசில் முதல் செலவு பஸ் காசு. கிண்ணம் கடைசிச் செலவு.

இரண்டு, பயிற்றுவிப்பாளரை வெளியே தேடாமல் நாங்கள் படிப்போம். கொட்டகலைக் கலாசாலையில் இருந்த காலத்தில் எங்களுக்குக் கற்பித்தல் முறைகளைச் சொல்லித் தந்தார்கள். பந்தைக் கற்பிக்கவும் முறை இருக்கிறது, அதற்கும் அடிப்படைச் சான்றிதழ் இருக்கிறது. எங்கள் மூவரில் இருவர் விண்ணப்பிக்கத் தயார். வேறு பாடசாலை ஆசிரியர்கள் சேர்ந்தால் சந்தோஷம்.

மூன்று, நாவலப்பிட்டிக்குப் போவோம். அடுத்த முறை அப் கன்ட்ரி லயன்ஸ் அங்கே ஆடும்போது ஒரு பஸ் பிடித்துப் பிள்ளைகளோடு போவோம். நம் பிள்ளைகளை ஒருநாள் பார்க்க முடியுமா என்று அந்தக் கழகத்தாரிடம் மரியாதையாகக் கேட்போம்.

நான்கு, பிறகு எந்தப் பணக்காரர் டீம் கொண்டு வந்தாலும் அவரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்போம். இருபத்தைந்து பேரில் மலையகத்துப் பிள்ளைகள் எத்தனை? தமிழ், சிங்களம், முஸ்லிம் எதுவாகவும் இருக்கட்டும். அதற்குப் பதில் இல்லையென்றால் சின்னத்தில் மலையைப் போட்டு என்ன பயன்?

இதில் நாங்கள் பிழையாக எழுதியிருந்தால் திருத்துங்கள். கிளப் நடத்திய அனுபவம் உள்ள மூத்தவர்கள் நம் ஊரில் இருக்கிறீர்கள். கீழே எழுதுங்கள்.

நேற்று இரவு அவனுக்குப் பதில் அனுப்பினோம். முதலில் மன்னிப்புக் கேட்டோம். அன்றைக்கு கண்டிக்கு உன்னைக் கூட்டிப் போயிருக்க வேண்டும், அது எங்கள் பிழை என்று சொன்னோம். டீம் ஒன்றும் வரவில்லை, அது பேச்சுத்தான் என்றும் உள்ளதைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு எழுதினான்.

"பரவாயில்ல சேர். அப்ப தம்பிய பாத்துக்குங்க. அவனும் லெப்ட் கால்தான்."

அவனுடைய தம்பி எங்களிடம் தரம் ஏழில் படிக்கிறான்.

இந்தச் சனிக்கிழமை காலை எட்டரைக்கு எங்கள் பாடசாலை மைதானத்தில் முதல் பயிற்சி, இன்ஷா அல்லாஹ். யாருடைய வீட்டிலாவது பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன பூட்ஸ் இருந்தால் கொண்டு வந்து தாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, தைத்துக்கொள்வோம். 4, 5, 6 ஆம் இலக்கம்தான் கூடுதலாகத் தேவை. நீங்களும் வந்து கோட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நில்லுங்கள். பந்து தேயிலைக்குள் போனால் எடுத்துத் தர ஆட்கள் வேண்டும்.